இரண்டாம் பந்தியில் போட்ட இலை

முன்னொரு காலத்தில் வயல்நாட்டை ஆண்ட அரசர் நல்லவர்தான். ஆனால் யார்மீதாவது மனத்தாங்கல் வந்தால் போதும், அதைப் பேரப்பிள்ளை வரைக்கும் பத்திரமாக வைத்திருக்கும் வம்சம் அவருடையது. மேட்டுநாட்டார் ஏதோ ஒரு கல்யாணத்தில் அவருடைய பாட்டனாருக்கு இரண்டாம் பந்தியில் இலை போட்டுவிட்டார்களாம். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

அந்த வருஷம் மழை பொய்த்தது. ஆற்றுக்கு அணையோ மேட்டுநாட்டில். கதிர் விடும் நேரத்தில் பயிர் வாடி நின்றது. தண்ணீர் கேட்கப் போன தூதர்களெல்லாம் பந்திக் கதையில் ஆரம்பித்தார்கள். பதிலுக்கு வாங்கிக் கட்டிக்கொண்டு வெறுங்கையோடு திரும்பினார்கள்.

சபையில் சோலைமுத்தன் என்றொரு விகடகவி இருந்தான். அவன் பெயரைக் கேட்டாலே தளவாய் வீரபாகுவுக்கு வயிற்றெரிச்சல். இவனைத் தூது அனுப்பிப் பார்க்கலாமே என்று அரசர் காதில் ஓதியவன் வீரபாகுதான்.

அரசர் சோலைமுத்தனை அழைத்தார். "நம் குறைகளில் ஒன்றைக்கூட விடாமல் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லி முடித்த பிறகே தண்ணீர் கேட்க வேண்டும். வெறுங்கையோடு வந்தால் இந்த நாட்டில் உனக்கு இடமில்லை."

"உத்தரவு மகாராஜா" என்றான் சோலைமுத்தன். பெண்டாட்டி பிள்ளைகளை இழுத்துக்கொண்டு எந்த ஊருக்குப் போவது?

எல்லையில் ஆறு வறண்டு கிடந்தது. கூட வந்த வீரர்களைக் கரையில் உட்காரச் சொல்லிவிட்டு, நடு ஆற்றில் நின்று தொண்டை கட்டும் வரை கத்தினான். இரண்டாம் பந்தி, இலைக்கு வராத பாயசம், நீட்டாத வெற்றிலைத் தட்டு, எதையும் விடவில்லை. மணல் எதிர்ப்பேச்சுப் பேசவில்லை.

மேட்டுநாட்டுச் சபையில் மன்னர் பதிலடிக்குத் தயாராக உட்கார்ந்திருந்தார்.

"பிரபு, எங்கள் பயிருக்குத் தண்ணீர் வேண்டும். தங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டான் சோலைமுத்தன்.

மன்னர் திகைத்தார். "பந்தி விஷயம்?"

"அதைச் சொல்லியாயிற்று பிரபு. இங்கே தண்ணீர்ப் பேச்சு மட்டும்தான்."

உங்களுக்கு என்ன வேண்டும் என்று அவரை இதுவரை யாரும் கேட்டதில்லை. "கோடையில் எங்கள் ஆடுகளுக்கு மேய்ச்சல் இல்லை" என்றார் மெல்ல.

"அறுப்பு முடிந்ததும் எங்கள் வயலில் வந்து கிடை போடட்டும். ஆட்டுக்குத் தாள், வயலுக்கு எரு. எங்கள் அரசருக்கு எரு கசக்குமா என்ன?"

அன்று மாலையே மதகு திறந்தது. வயல்நாட்டில் வாய்க்காலெல்லாம் நிரம்பி ஓடியது. ஊரே சோலைமுத்தனைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தது.

வீரபாகு விடுவானா? "மகாராஜா, இவன் அந்தச் சபையில் ஒரு குறையைக்கூடச் சொல்லவில்லை. உத்தரவை மீறியவன்."

அரசர் முகம் சிவந்தது. "உண்மையா?"

"ஒன்று விடாமல் சொன்னேன் மகாராஜா. வீரர்களே சாட்சி."

"ஆமாங்க மகாராஜா, காது வலிக்கிற அளவுக்குச் சொன்னாருங்க" என்றான் ஒரு வீரன்.

"யாரிடம்?"

"ஆற்று மணலிடம். சொல்லச் சொன்னீர்கள், சொன்னேன். யாரிடம் என்று தாங்கள் சொல்லவில்லையே. சொல்லி முடித்த பிறகுதான் தண்ணீர் கேட்டேன்."

"மணல் என்ன சொன்னது?" என்றார் அரசர்.

"ஒன்றும் சொல்லவில்லை மகாராஜா. அதனால்தான் பேச்சு முறியவில்லை."

அரசர் அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தம் பட்டுச் சால்வையை அவன் தோளில் போர்த்தினார். ஆற்றோரத்தில் நல்ல நஞ்சையாகப் பார்த்து அவன் குடும்பத்துக்கு எழுதி வைத்தார்.

"இருந்தாலும் மகாராஜா..." என்று வீரபாகு இழுத்தான்.

"உமக்கும் மனக்குறை இருக்கும்போல் தெரிகிறது. நீரும் நடு ஆற்றில் நின்று சொல்லிவிட்டு வாரும்" என்றார் அரசர்.

ஆற்றில் அப்போது கழுத்தளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.