மீகாவின் கல்

"ஐயா, இது புத்தகத்தில் உள்ளதா?"

கேட்டுவிட்டு, துணியில் சுற்றிக் கொண்டுவந்த கல்சில்லை மேசைமேல் வைத்தார் மாசிலாமணி. உள்ளங்கையில் பாதி இருக்கும். அதன் முகத்தில் சாம்பல் நிறத்தில் ஒட்டிய மெல்லிய படை ஒன்று. ஓரம் மட்டும் செம்பு நிறம்.

போதகர் பாக்கியநாதன் பூதக்கண்ணாடியை எடுத்தார்.

விக்டோரியா மகாராணியின் காலம். பழனி மலைத்தொடரில், காப்பித் தோட்டங்களுக்கு நடுவே இருந்த சிறிய தேவாலயம் ஒன்றுக்கு அவர் போதகர். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம். மற்ற நாட்களில் கற்பாசி.

பாறையிலும் மரப்பட்டையிலும் உலர்ந்த படையாக ஒட்டிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் வளரும் உயிர் அது. குழம்பில் போடும் கல்பாசியும் அந்த இனம்தான். யாரும் அதுவரை பெயர் வைக்காத பல வகைகளுக்கு அவர் பெயர் வைத்து, லத்தீனில் விவரம் எழுதி, சில்லோடு சேர்த்துச் சீமைக்கு அனுப்பியிருந்தார். அங்கே அவற்றை அச்சிட்டார்கள்.

மாசிலாமணி அந்தத் தேவாலயத்தின் உபதேசியார். நாற்பதைத் தாண்டியவர். நோயாளிகளைப் பார்ப்பதும் வேதபாடம் சொல்லிக்கொடுப்பதும் அவர் வேலை. போதகரோடு பாறை பாறையாக அலைந்து இந்தப் படிப்பையும் படித்துக்கொண்டார்.

பாறையோடு ஒன்றிப்போன பாசியைச் சுரண்டினால் தூளாகிவிடும். கல்லோடு சேர்த்துத்தான் பெயர்க்க வேண்டும். அவருக்கு உளி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் போதகர்.

ஒரு வாக்கும் கொடுத்திருந்தார். புத்தகத்தில் இல்லாத ஒன்றை நீர் கொண்டுவரும் நாளில், அதற்கு உம்முடைய பெயரை வைப்பேன் என்று.

மாசிலாமணிக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த வாக்கை அவர் யாரிடமும் சொன்னதில்லை. மறந்ததும் இல்லை.

வகையைக் கண்டறிய, போதகர் காரம் கரைத்த நீரில் ஒரு சொட்டு எடுத்துப் படையின் ஓரத்தில் விட்டார். அந்த இடம் மஞ்சளாகி, பிறகு சிவந்தது. அலமாரியிலிருந்து புத்தகங்களை இறக்கினார். ஒவ்வொன்றாகப் பார்த்து மூடினார். மாசிலாமணி நின்றுகொண்டே இருந்தார்.

"இல்லை," என்றார் போதகர். "எதிலும் இல்லை."

மாசிலாமணி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

போதகர் தாளை எடுத்து எழுதத் தொடங்கினார். நிறம் எழுதினார். ஓரம் எழுதினார். பிறகு, எங்கே கிடைத்தது என்று கேட்டார்.

கல்லறைத் தோட்டத்தின் மேல்சரிவில், என்றார் மாசிலாமணி. மலையில் வேறெங்கும் அதைக் கண்டதில்லை என்றும் சொன்னார்.

யாருடைய கல் என்று கேட்டார் போதகர்.

முகம் முழுவதும் பாசி மூடியிருந்தது, எழுத்து எதுவும் தெரியவில்லை, என்றார் மாசிலாமணி.

போதகர் சில்லைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். படைக்குள்ளே ஒரு பள்ளம் ஓடியது. மேலேறி, வளைந்து, சுழித்து நின்றது.

"இது பாசி போட்ட கோடில்லை," என்றார்.

மாசிலாமணி குனிந்து பார்த்தார். உளி போட்ட கோடு. அவருடைய உளி அல்ல.

போதகர் பேனாவைக் கீழே வைத்தார்.

"இடம் தெரியாமல் என்னால் எழுத முடியாது. போய்ப் பார்த்து வாரும்."

சரிவில் மூடுபனி இறங்கியிருந்தது. கற்களுக்கு நடுவே ஒரு பெண் மண்டியிட்டு, ஒரு கல்லைத் தடவிக்கொண்டிருந்தாள். அதை விட்டு அடுத்த கல்லுக்குப் போனாள். அதையும் தடவினாள்.

பரிபூரணம். காப்பிப்பழம் பறிப்பவள். அவளுடைய ஒரே பிள்ளை காய்ச்சலில் போய்ப் பல வருஷம் ஆகிறது. கல்தச்சர் ஒருவர் இரக்கப்பட்டு, ஒரு கல்லில் பிள்ளையின் பெயரை மட்டும் வெட்டிக்கொடுத்தார். மீகா. இரண்டே எழுத்து. அவளுக்குப் படிக்கத் தெரியாது. அவர்தான் அவள் விரலைப் பிடித்து, எழுத்தின்மேல் ஒருமுறை ஓட்டிக் காட்டினார். அன்றிலிருந்து விரலால்தான் அவள் அந்தப் பெயரைப் படித்தாள்.

உபதேசியாரைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"நீங்க எழுத்துப் படிச்சவுக. என் பிள்ளை கல்லு எதுன்னு பாத்துச் சொல்லுங்க."

ஏன், என்ன ஆயிற்று என்று அவர் கேட்டார்.

"பனியில எல்லாக் கல்லும் ஒண்ணுபோலத்தான் இருக்கு. முதல் எழுத்துக்கு மேல ஒரு சுழி இருக்கும். காலையிலேருந்து ஒவ்வொரு கல்லாத் தடவிப் பாத்துட்டேன். எதுலயும் இல்லை." அவள் சரிவை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். "பிள்ளையை எங்கேயோ தொலைச்சுட்டேன்."

மாசிலாமணி அந்தக் கல்லிடம் போனார். வழி தேட வேண்டியிருக்கவில்லை. உடைந்த இடம் புதுக்காயம் மாதிரி வெளுப்பாக இருந்தது. மண்டியிட்டு, பாசியின்மேல் தன் விரலை வைத்து ஓட்டினார். சுழி போனதில் பெயர் வேறு சொல்லாகியிருந்தது. மகா.

வெயிலிலும் மழையிலும் கல் தானாகவே தெறிப்பதுண்டு. அப்படிச் சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள்.

"இதுதாம்மா உங்க பிள்ளை கல்லு," என்றார். "சுழி என்கிட்ட இருக்கு. நான்தான் வெட்டி எடுத்தேன்."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள்.

"எதுக்கு?"

அதில் ஒட்டியிருந்த பாசிக்காக என்று சொன்னார். சொல்லும்போதே அவர் குரல் இறங்கிப்போயிற்று.

அவள் கல்லின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"கொண்டாந்துருங்க," என்றாள்.

அவர் திரும்பி வந்தபோது போதகரின் பெரிய பெட்டி திறந்து கிடந்தது. வாழ்நாளெல்லாம் சேர்த்த சில்லுகள் மேசைமேல் பரவியிருந்தன. போதகர் ஒவ்வொன்றையும் திருப்பி, வேறெதிலும் எழுத்தின் கோடு உண்டா என்று கட்டைவிரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிராமலே, இடம் தெரிந்ததா என்று கேட்டார்.

"தெரிந்தது, ஐயா. மீகா என்ற பிள்ளையின் கல்."

சில்லைத் திரும்பக் கொண்டுபோகப் போவதாக மாசிலாமணி சொன்னார்.

போதகர் கையிலிருந்ததை மெதுவாக வைத்தார். பாதி எழுதிய தாள் இருவருக்கும் நடுவே கிடந்தது.

"சில்லு இல்லாமல் சீமையில் ஏற்க மாட்டார்கள்."

"தெரியும், ஐயா."

"அந்தக் கல்லைத் தவிர, இன்னொன்று வெட்டவும் இடமில்லை."

"இல்லை, ஐயா."

போதகர் எழுந்து உள்ளே போனார். கோயில் சுவருக்கென்று வைத்திருந்த சுண்ணாம்பிலும் மணலிலும் ஒரு கை எடுத்து, சிரட்டையில் குழைத்துக்கொண்டு வந்தார். செருப்பை மாட்டினார். மாசிலாமணி சில்லைத் துணியில் சுற்றிக்கொண்டார்.

பனி விலகவில்லை. பரிபூரணம் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். போதகரைக் கண்டு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

காயத்தில் சுண்ணாம்பு தடவி, மாசிலாமணி சில்லைப் பொருத்தினார். அது தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. இறுகும்வரை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். கை மரத்துப்போயிற்று. போதகர் பக்கத்தில் நின்றார்.

பிறகு மாசிலாமணி கையை எடுத்துவிட்டு விலகினார்.

பரிபூரணம் விரலை வைத்தாள். எழுத்தின் காலில் தொடங்கி, வளைவில் ஏறி, மேலே போனாள். சுழிக்கு வந்ததும் விரல் நின்றது. நெடுநேரம் அங்கேயே இருந்தது.

அதன்பிறகுதான் அவள் பாசியைப் பார்த்தாள். சாம்பல் நிறத்தையும், செம்பு ஓரத்தையும், முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"இது என்ன ஐயா, பூத்தாப்புல?" என்று போதகரைக் கேட்டாள்.

போதகர் மாசிலாமணியைப் பார்த்தார்.

"அதுக்குப் பேரில்லைம்மா," என்றார் மாசிலாமணி.

"பாவம்," என்றாள் பரிபூரணம்.