மயிலாத்தாளின் இஸ்திரிப் பெட்டி

நாச்சிமுத்துவுக்கு அன்றைக்குக் கால் தரையில் பாவவில்லை. மில் வேலையை விட்டுவிட்டு, ஐம்பத்துநாலு வயதில் மின்சாதனங்களைச் சோதிக்கும் தொழில் கற்க வந்தவர் அவர். கற்றுக்கொடுக்கும் பூங்கோதை வயதில் மகள் மாதிரி, தொழிலில் குரு. திருப்பூரில் இந்தப் பனியன் கம்பெனியைத் தனியாகச் சோதித்து முடித்தால், இனிச் சான்றிதழில் அவரே கையெழுத்துப் போடலாம் என்று அவள் சொல்லியிருந்தாள்.

மத்தியானத்துக்குள் முடித்துவிட்டார். மீட்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடோடி வந்தார்.

"முடிஞ்சுதுங்க அம்மிணி. அத்தனையும் பாஸு."

"எதையெல்லாம் பாத்தீங்க?"

வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளைகூட அவரிடம் தோற்றுப்போகும்.

"ஒரே எடத்துல பொருத்தினது ஒரு வகைங்க, கம்ப்ரசர், சொவத்து ஃபேனு. நகத்தி வெக்கிறது ஒரு வகை, தையல் மெசினு, டேபிள் ஃபேனு. கையில புடிக்கிறது ஒரு வகை, கட்டரு, இஸ்திரிப் பெட்டி. அப்பறம் எக்ஸ்டென்சன் பாக்ஸு. ஒண்ணு விடலீங்க."

மூச்சு வாங்கிக்கொண்டு, "இதுல எது ரொம்ப ஆபத்துங்க?" என்றும் கேட்டார். பதில் அவருக்கே தெரியும். சொல்லிக் காட்ட ஆசை, அவ்வளவுதான்.

பூங்கோதை இஸ்திரி மேசைக்கு நடந்தாள். அங்கே பத்து வருஷமாகத் தேய்க்கிற மயிலாத்தாள் நின்றிருந்தாள். பக்கத்தில் தேய்த்த பனியன்கள் அடுக்காக இருந்தன.

"மேல இருக்கறதத் தொட்டுப் பாருங்ண்ணா."

"சூடா இருக்குதுங்க."

"இப்ப பெட்டிய."

பாஸ் என்று அவரே பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டி. தொட்டார். சில்லென்று இருந்தது.

அப்படியானால் பனியனைத் தேய்த்தது வேறு பெட்டி. மேசைக்கு அடியில் குனிந்தார். துணி மூட்டைக்குப் பின்னால் இன்னொரு பெட்டி. ஒயர் வெடித்து, டேப் சுற்றியிருந்தது. மீட்டரை மாட்டிப் பார்த்தார். இரும்பு உடம்பிலேயே மின்சாரம் ஏறும் நிலையில் இருந்தது. காலையிலிருந்து மயிலாத்தாள் அதைத்தான் பிடித்திருக்கிறாள்.

"ஏம்மா, உசுருன்னா வெளையாட்டா? எதுக்கு ஒளிச்சு வெச்சே?"

"போன வாட்டி வந்ததும் நீங்கதானுங்க. எம்பட பெட்டிய ஃபெயிலுன்னு சொல்லி, ஒரு வார்த்த கேக்காம ஒயர வெட்டிப் போட்டீங்க. கம்பெனியில குடுத்த புதுசு ஒரே கனம், மணிக்கட்டு வீங்கிப் போச்சு. இது எங்கூட்டுப் பெட்டி. இதையும் வெட்டீருவீங்கன்னு..."

நாச்சிமுத்து மீட்டரைக் கழற்றினார். வெட்டியது உண்மைதான். விதிப்படிதான் வெட்டினார். கொஞ்சம் மிடுக்காகவும் வெட்டினார்.

பூங்கோதை பெட்டியைக் கையில் வாங்கினாள். "புது ஒயர் போட்டு இதையே உங்க கையில தந்தர்றோங்க்கா. அதுவரைக்கும் தொடாதீங்க."

"இதையேங்களா?"

"இதையேதான்."

அடுத்த மேசைக்காரி இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். சட்டென்று குனிந்து தன் மேசைக்கு அடியிலிருந்து ஒரு டேபிள் ஃபேனை இழுத்தாள். அதற்கடுத்தவள் பீரோவுக்குப் பின்னாலிருந்து கெட்டில் கொண்டுவந்தாள். கட்டிங் பகுதியிலிருந்து ஒருவர் பழைய கட்டரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். திருவிழாக் கூட்டம்தான். நாச்சிமுத்து தரையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக வாங்கி, "இது உங்களுக்கு எப்படித் தோதுங்க?" என்று கேட்டுக் கேட்டுச் சோதித்தார். வியர்வை வழிந்தது. காலையில் இருந்த உற்சாகத்தைவிட இப்போது கூடுதலாகவே இருந்தது. மொத்தம் பதினேழு சேர்ந்தன, அதில் பதினொன்று ஃபெயில்.

சான்றிதழ்த் தாளை எடுத்தவர் பேனாவோடு நின்றுவிட்டார். நாலு வகைக்கும் நாலு கட்டம்தான் அதில் இருந்தது.

"கெட்டிலும் இருக்குது, கட்டரும் இருக்குது. இதெல்லாத்தையும் எந்த வகையில எழுதட்டுங்க அம்மிணி?"

"நம்மளக் கண்டு பயந்து ஒளிச்சு வெச்சது, அதுதான் ரொம்ப ஆபத்தான வகைன்னு எழுதுங்ண்ணா. எழுதிட்டு, கீழ உங்க கையெழுத்தப் போடுங்க."