குரங்கு போட்ட முடிச்சு

ஈச்சங்குட்டை ஓடையின் கரையில் முயல்கள் வளை தோண்டிக் குடியிருந்தன. ஓடைக்கு அந்தப் பக்கம் செந்நாய்கள். ஓடையில் தண்ணீர் ஓடும்வரை பயமில்லை. பங்குனியில் ஓடை வற்றிவிட்டால், செந்நாய்கள் கால் நனையாமல் இந்தக் கரைக்கு வந்துவிடும். ஒவ்வொரு கோடையிலும் சில வளைகள் காலியாகிப் போகும்.

அதே கரையில் முள்ளாண்டி என்று ஒரு முள்ளம்பன்றி இருந்தது. பேச்சு குறைவு, வேலை அதிகம். ஒரு தை மாதம் அது முயல்களின் தலைவன் செவியனைத் தேடி வந்தது.

"செவியண்ணே! ஓடைக்கரை நெடுக நான் முள்வேலி கட்டித் தாரேன். சூரை முள்ளும் இலந்தை முள்ளும் இங்கேயே கொட்டிக் கிடக்கு!"

"கட்டு, பார்ப்போம்!" என்றது செவியன்.

முள்ளாண்டியும் அதன் இரண்டு தம்பிகளும் ஒரு நாள் முழுக்கப் பாடுபட்டு ஒரு துண்டு வேலி கட்டின. வேலியைச் சோதிக்க எல்லா முயல்களும் கூடின.

முயல்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சம்மதம் என்றால் பின்காலால் தரையில் ஒரு தட்டு. சம்மதமில்லை என்றால் காதை மடக்கிக்கொள்ளும். ஆபத்து என்றால் விடாமல் தட்டும். செவியனையும் சேர்த்து ஏழு பெரிய முயல்கள். ஏழும் தட்டினால்தான் அங்கே எந்தக் காரியமும் நடக்கும்.

அன்றைக்கென்று பார்த்து ஒரு காற்று அடித்தது. வேலி ஒரு ஆட்டம் ஆடியது. அப்படியே சாய்ந்து ஓடைத் தண்ணீரில் விழுந்தது.

"முள்ளாண்டி! உன் வேலி குளிக்கப் போயிடுச்சுடா!" என்று செவியன் கத்தியது. முயல்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தன.

முள்ளாண்டி கோபப்படவில்லை. வேலி நின்ற குழியை எட்டிப் பார்த்தது. "ஆழம் பத்தலை. இன்னும் ஒரு முழம் தோண்டி ஊன்றியிருக்கணும். ரெண்டு கோடை எனக்கு விடுங்க. எங்கே தப்புன்னு தெரிஞ்சுபோச்சு!" என்றது.

அதை யார் கேட்டார்கள்? ஏழு பெரிய முயல்களும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கிவிட்டன.

"வேலி இன்னும் உசரமா வேணும்!"

"உசரமா இருந்தா எனக்கு நிலா தெரியாதே!"

"முள்ளு செந்நாயைக் குத்தணும். நம்மளைக் குத்தக் கூடாது!"

"அப்படியே அதுல ரெண்டு பழமும் காய்ச்சா தேவலை!"

சிரிக்காதீர்கள். கூட்டம் போட்டுப் பேசுகிற இடத்தில் எல்லாம் இந்தக் கூத்துதான் நடக்கிறது. கடைசியில் ஏழும் காதை மடக்கிக்கொண்டன.

மறுவாரமே குரங்குப்பாறையிலிருந்து வாலப்பன் என்ற குரங்கு வந்து சேர்ந்தது. கையில் வழவழவென்று ஒரு மூங்கில் படல். குறுக்கும் நெடுக்குமாகக் கொடி முடிச்சுகள்.

"இழுத்துப் பாருங்க! ஏறிக் குதிச்சுப் பாருங்க! செந்நாய் என்ன, யானையே வந்தாலும் இந்த முடிச்சு அவிழாது!" என்றது வாலப்பன்.

முயல்கள் இழுத்தன. ஏறிக் குதித்தன. முடிச்சு அசையவில்லை.

முள்ளாண்டி ஒரே ஒரு கேள்வி கேட்டது. "இந்த முடிச்சு போட எங்களுக்குச் சொல்லித் தருவியா?"

"அதெப்படி? அது எங்க பாறை ரகசியமாச்சே! பழுதானா ஆள் அனுப்புங்க. நாங்களே வந்து கட்டித் தருவோம்!"

"நீ வாயை மூடுப்பா! வேலி கட்டத் தெரியாதவன் கேள்வி கேட்க வந்துட்டான்!" என்று செவியன் சீறியது. ஏழு பின்கால்களும் தரையைத் தட்டின. கரையில் விளைகிற நாவற்பழம் முழுக்கக் குரங்குகளுக்கு என்று பேச்சு முடிந்தது.

ஓடைக்கரை நெடுக மூங்கில் படல் நின்றது. நடுவில் ஒரு பெரிய வாசல். செவியன் தன் மனைவி சாம்பாத்தியையும் மூன்று குட்டிகளையும் அழைத்துவந்து, வாசலுக்கு நேர் பின்னால் புது வளை தோண்டியது. "இந்தக் கரையிலேயே பத்திரமான இடம் இதுதான்!" என்று பெருமை பேசியது.

அந்தக் கோடையில் செந்நாய்கள் வந்தன. மோந்து பார்த்தன. திரும்பிப் போய்விட்டன. முயல்கள் வாசலுக்கு மாலை போட்டு ஆடின. முள்ளாண்டியின் தம்பிகள் அதைப் பார்த்துவிட்டு, "இங்கே நமக்கு என்ன வேலை?" என்று குரங்குப்பாறைக்கே மூங்கில் சுமக்கப் போய்விட்டன. முள்ளாண்டி கிழங்கு தோண்டித் தின்று காலம் தள்ளியது. அதை யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

அடுத்த கோடை சரியான வெயில். முடிச்சுகள் காய்ந்து தளர்ந்தன. முயல்கள் பல்லால் கடித்து இழுத்தன. ஒன்றை இறுக்கினால் பக்கத்து முடிச்சு அவிழ்ந்தது. வாலப்பனை அழைத்துவர ஒரு மைனாவை அனுப்பின. மைனா தனியாகத் திரும்பி வந்தது.

"வாலப்பன் இப்போ செந்நாய்களோட குகைக்கு வாசல் கட்டிக்கிட்டு இருக்கு. கோடை முடியறவரைக்கும் முயல் கரைப் பக்கம் போகக் கூடாதுன்னு செந்நாய்கள் சொல்லிடுச்சாம். 'தப்பா நினைக்காதீங்க, தொழில்னு வந்துட்டா நாலு பேரும் வேணும்'னு உங்ககிட்டே சொல்லச் சொன்னது!"

செவியன் விழுந்தடித்துக்கொண்டு முள்ளாண்டியிடம் ஓடியது.

"முள்ளாண்டி! ஓடை வத்த மூணு நாள்தான் இருக்கு! எங்களைக் காப்பாத்துப்பா!"

'நான் அப்பவே கேட்டேனே' என்று முள்ளாண்டி சொல்லவில்லை. நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். அதுகூடச் செய்யவில்லை.

"தம்பிங்க இல்லைண்ணே. எனக்கும் கைப்பழக்கம் விட்டுப்போச்சு. தனி ஆளா முழுக்கரையும் முடியாது. மேற்கே குட்டிங்க அதிகம். அங்கே ஆரம்பிச்சு வாசலைப் பார்க்க வர்றேன். கிழக்கே இருக்கிறவங்களை எல்லாம் மேற்கே வரச் சொல்லுங்க!"

இந்த முறை குழியை ஒரு முழம் கூடுதலாகத் தோண்டி, மேற்கு வளைகளைச் சுற்றி அடைத்துவிட்டு வாசலை நோக்கி வேலியை நீட்டியது. முதுகு முள் ஒடிய ஒடிய வேலை செய்தது. கிழக்குக் கரை முயல்கள் எல்லாம் மேற்கே போய்ச் சேர்ந்து, முள் இழுத்துவந்து போட்டன. செவியன் குடும்பம் மட்டும் வாசலுக்குப் பின்னாலேயே இருந்தது.

"ஏங்க, நாமளும் குட்டிகளைத் தூக்கிக்கிட்டு மேற்கே போயிடலாம்ங்க!" என்று சாம்பாத்தி கெஞ்சியது.

"தலைவனே வளையை விட்டு ஓடினா நாலு பேர் என்ன நினைப்பாங்க? வேலி சாயங்காலத்துக்குள்ள இங்கே வந்துடும். பேசாம இரு!"

வாசலைத் தொட இன்னும் பத்தடிதான் பாக்கி. மூன்றாம் நாள் உச்சி வெயிலில் செந்நாய்கள் ஓடையைத் தாண்டின.

செவியன் விடாமல் தரையைத் தட்டியது. செந்நாய்கள் முதலில் முள்வேலி மேல்தான் பாய்ந்தன. மூஞ்சியெல்லாம் முள். ஊளையிட்டுக்கொண்டு பின்வாங்கின. வேலி சாயவில்லை. பிறகு ஒரு செந்நாய் மூங்கில் வாசலில் கால் வைத்துத் தள்ளியது. அவ்வளவுதான். முடிச்சு அவிழ்ந்து படல் மொத்தமும் விழுந்தது. முதல் வளை செவியனுடையது.

மேற்குக் கரையில் ஒரு முயலுக்கும் கீறல் இல்லை. வாசலுக்குப் பின்னால் செவியனும் சாம்பாத்தியும் பிழைத்தன. மூன்று குட்டிகளும் போய்விட்டன.

செந்நாய்கள் போன பிறகு, முள்ளாண்டி முதுகு முள் பாதி ஒடிந்து தள்ளாடி வந்து நின்றது. செவியன் அதைப் பார்த்தது. மேற்கே அசையாமல் நின்ற முள்வேலியைப் பார்த்தது. பிறகு பின்காலைத் தூக்கித் தரையில் ஒரே ஒரு தட்டு தட்டியது.

சாம்பாத்தி காலி வளைக்குள்ளிருந்து தலையைத் தூக்கியது. "இப்போ யாருக்காகங்க தட்டுறீங்க?" என்று கேட்டது.

முள்ளாண்டி திரும்பிப் போய், பாக்கியிருந்த பத்தடிக்குக் குழி தோண்டத் தொடங்கியது.

தன்னவன் செய்த முதல் தவறைப் பார்த்துச் சிரித்துவிட்டு, வீட்டைக் காக்கும் வேலையை அடுத்தவன் கையில் கொடுக்கிறவர்கள், அந்தக் கை விலகும் நாளில் வருந்தியும் பயனில்லை.