செவலை சுற்றிய ஒரு சுற்று

சோறு ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறேன், கேளுங்கள் பிள்ளைகளா. நிலத்துக்கு வேலி என்பதே இல்லாமல், ஆடுகள் நினைத்த திசையில் மேய்ந்து திரிந்த காலம் அது. அப்போது பொம்மையன் என்றொரு கீதாரி இருந்தான். கீதாரி என்றால் ஆட்டுமந்தைக்குத் தலைவன். அவனுக்கு நூறு ஆடுகள், காமக்கா என்றொரு மனைவி, செவலை என்றொரு நாய்.

பொழுது சாய்ந்து ஆடுகளைக் கிடையில் அடைக்கும்போது, ஒவ்வொன்றையும் காது முதல் குளம்பு வரை தடவிப் பார்ப்பான் பொம்மையன். உண்ணி இருந்தால் பிடுங்கி நெருப்பில் போடுவான். நூறாவது ஆட்டோடு வேலை முடிந்துவிடும். செவலை காவல்காரன் ஆயிற்றே, அதை யார் தடவிப் பார்ப்பது?

ஒரு மழைக்காலத்தில் செவலை சுருண்டு படுத்தது. கூப்பிட்டால் வால் மட்டும் ஆடியது.

"கிழடாயிருச்சு புள்ள" என்றான் பொம்மையன். "மூணு நாள்ல வேற காட்டுக்குப் போகணும். அதுக்குள்ள கிடையை ஒரு சுத்து சுத்தி வந்தா நம்மகூட வரட்டும். இல்லேன்னா இங்கேயே விட்டுட்டுப் போவோம்."

"நாலு வயசு நாய் கிழடுன்னா, நீங்க யாரு மாமா?" என்றாள் காமக்கா.

முதல் நாள், செவலையின் காது மடலை விரித்துப் பார்த்தாள். கொத்துக் கொத்தாக உண்ணி. விரலிடுக்கில் உண்ணி, வாலடியில் உண்ணி. எல்லாம் ரத்தம் குடித்து உப்பியிருந்தன. ஒவ்வொன்றாகப் பிடுங்கி நெருப்பில் போட்டாள்.

இரண்டாம் நாள், அது படுத்திருந்த பழைய கம்பளியை எரித்தாள். தரையைக் கூட்டி, உலர்ந்த வைக்கோல் பரப்பினாள்.

மூன்றாம் நாள், ஆட்டு ஈரலை வேகவைத்துப் பிசைந்து ஊட்டினாள்.

அன்று மாலை செவலை எழுந்தது. கிடையைச் சுற்றி நடந்தது. பாதி தூரத்தில் கால்கள் நடுங்க, உட்கார்ந்துவிட்டது.

காமக்கா புருஷன் முகத்தைப் பார்த்தாள்.

பொம்மையனுக்கு ஒரு பழைய மாசி மாதம் நினைவுக்கு வந்தது. அவன் காய்ச்சலில் கிடந்தான். நூறு ஆடுகளையும் தனியாகவே ஆற்றுக்கு இக்கரை சேர்த்துவிட்டு, நனைந்த உடம்போடு வந்து அவன் முகத்தை நக்கியது செவலை. என்ன ஓட்டம் ஓடிய நாய்!

அவன் போய்ச் செவலையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு மீதிப் பாதியை நடந்தான்.

"ஒரு சுத்து ஆயிருச்சு புள்ள."

"யாரு சுத்துனது?"

"நாங்க ரெண்டு பேருந்தான்."

நமக்காக உழைக்கும் உயிரை, நோய் வரும் முன்பே நாள்தோறும் தொட்டுப் பார்த்துக் காப்பதுதான் அன்பு.