சரிகை இழை கட்டிய கத்தரிக்காய்

முன்னொரு காலத்தில் செங்கரை நாட்டைக் கொற்றவேல் பூபதி என்றொரு ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். யோசனை சாவகாசமாகப் பின்னால் வரும்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். யார் வீட்டுக் கொல்லையில் எது காய்த்தாலும் முதல் காய் அரண்மனைக்குப் போக வேண்டும். அதை வாங்கி வைப்பவர் உக்கிராண அதிகாரி அம்பலத்தரசு. வாங்கிய காயை நேரே சமையலறைக்கு அனுப்பிவிட்டால் அதிகாரிக்கு என்ன மதிப்பு? சந்தனம் வைப்பார், குங்குமம் வைப்பார், வெள்ளித் தட்டில் அடுக்கிச் சபையில் காட்சிக்கு வைப்பார். அஷ்டமி, நவமி, ராகுகாலம் எல்லாம் கழித்து நல்ல நாள் பார்த்துத்தான் அடுப்புக்கு அனுப்புவார். அதற்குள் காய் சுருங்கித் தோல் தொங்கிப் போயிருக்கும்.

"ஜனங்கள் எனக்கு மட்டும் மட்டமானதை அனுப்புகிறார்கள்" என்று ராஜா நம்பிவிட்டார். அந்தக் கோபத்தில் இதுவரை ஏழு வீட்டுத் தோட்டங்களை வேரோடு பிடுங்க வைத்திருந்தார்.

ஒரு தை மாதம் வேட்டைக்குப் போனவர் வழி தப்பி, பசியோடு மருதாயி என்பவள் வீட்டு வாசலில் வந்து நின்றார். புருஷனை இழந்தவள், மூன்று பிள்ளைகள். கொல்லைத் தோட்டம்தான் அந்த வீட்டுக்குச் சோறு போட்டது. அவள் நாலு கத்தரிக்காயைப் பறித்தாள். காம்போடு கீறி, மிளகும் சீரகமும் இடித்து அடைத்து, நல்லெண்ணெயில் வதக்கிப் போட்டாள். ராஜா மூன்று தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

"என் அரண்மனையில் ஒரு நாளும் இப்படிச் சாப்பிட்டதில்லை" என்று சபையில் வந்து சொன்னார். அம்பலத்தரசுக்கு வயிறு எரிந்தது.

மறுநாள் அரண்மனை இலையில் ஒரு கத்தரிக்காய்க் கறி விழுந்தது. ஒரே கசப்பு. ராஜா முகம் சுளித்தார்.

"இதுவும் அந்த மருதாயி வீட்டுக் காய்தான் பிரபு, போன வாரம் அனுப்பியது" என்றார் அம்பலத்தரசு. "நல்லதைத் தனக்கு வைத்துக்கொண்டு சொத்தையைத் தங்களுக்குத் தள்ளியிருக்கிறாள்."

ராஜா ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "பிடுங்குங்கள் அவள் தோட்டத்தை!" என்றார்.

மருதாயி சபைக்கு ஓடி வந்தாள். எல்லாரும் அவளைத் திருடியைப் பார்ப்பது மாதிரி பார்த்தார்கள். அவளுக்குக் கூச்சத்தில் உடம்பே குன்றிப் போயிற்று. பசித்து வந்தவருக்கு அன்னமிட்ட கைக்கு இந்தப் பேரா? ஆனாலும் பிள்ளைகளை நினைத்துக்கொண்டு பேசினாள்.

"மகாராசா, ஒரே ஒரு தடவ நீங்களே வந்து ஒங்க கையால பறிங்க. அந்தக் காய் வழக்கப்படி அரமனைக்கு வரட்டும். எங்காயை நான் எங்க வழக்கப்படி கொண்டாறேன். ரெண்டையும் தின்னு பாருங்க. அப்புறம் புடுங்குங்க."

"அரசர் கை பட்ட காய் தேனாக இனிக்குமே!" என்று குதித்தார் அம்பலத்தரசு. ராஜாவுக்கும் அது பிடித்துப் போயிற்று.

அன்றே போய், பார்த்துப் பார்த்து ஆறு காய் பறித்தார். "அடையாளம் வேணுமுங்களே" என்றாள் மருதாயி. ராஜா தம் அங்கவஸ்திரத்திலிருந்து சரிகை இழைகளை உருவி ஒவ்வொரு காம்பிலும் கட்டினார். அம்பலத்தரசு அவற்றை மேளதாளத்தோடு கொண்டுபோய், வழக்கத்துக்கு மேலேயே சந்தனம் பூசினார். ஐந்து நாள் கழித்துத்தான் நல்ல நாள் அமைந்தது.

அன்று காலை மருதாயி ஆறு காயைப் பறித்து மடியில் கட்டிக்கொண்டு வந்தாள். ஒரே சமையல்காரர், ஒரே மசாலா, இரண்டு சட்டி. இரண்டு கிண்ணங்களிலும் காய் குழம்பில் முங்கிக் கிடந்தது.

முதல் கிண்ணத்திலிருந்து ஒரு வாய் எடுத்ததும் ராஜா, "தூ!" என்றார். "இதே கசப்புதான் அன்றைக்கும்! இதைப் பறித்தவர் சபை நடுவில் தலை குனிந்து நிற்க வேண்டும். கழுத்தில் சொத்தைக் கத்தரிக்காய் மாலை போடுங்கள்!" இரண்டாவது கிண்ணத்தை விரல் நக்கித் தீர்த்தார். "இதுதான் நான் பறித்தது!"

"மாலையைக் கொண்டு வரச் சொல்லிவிட்டேன் பிரபு" என்று அம்பலத்தரசு கையைத் தேய்த்துக்கொண்டார்.

மருதாயி முன்னால் வந்தாள். முதல் கிண்ணத்தில் மிச்சமிருந்த காயைக் காம்பைப் பிடித்துத் தூக்கினாள். மசாலாவைத் துடைத்தாள். சரிகை பளிச்சென்று மின்னியது.



"நான்... நான் நல்ல நாள் பார்த்துத்தான்..." என்று அம்பலத்தரசுக்கு நாக்குக் குழறியது.

"நீ கெடுத்தாய். நான் ஒரு நாளாவது கேட்டேனா?" என்றார் ராஜா. ஏழு வீடுகள் அவர் நினைவுக்கு வந்தன. அந்த ஏழு வீட்டு ஜனங்களும் இதே இடத்தில் நின்று அழுததும் நினைவுக்கு வந்தது. அவருக்கு வெட்கம் தாங்கவில்லை. சிம்மாசனத்தை விட்டு இறங்கி, வந்த மாலையைத் தாமே வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, சபை நடுவில் தலை குனிந்து நின்றார். பொழுது சாயும்வரை நின்றார்.

அம்பலத்தரசின் பதவி அன்றோடு போயிற்று. ஏழு வீட்டுக் கொல்லையையும் அவரே கொத்திப் பாத்தி கட்டி, நாற்று நட்டு, காய்க்கும்வரை தண்ணீர் இறைக்க வேண்டும் என்பது உத்தரவு. பாதித் தண்ணீரை ராஜாவே இறைத்தார். மருதாயிக்கு ஆற்றங்கரையில் கால் காணி நிலம் கிடைத்தது.

அதன் பிறகு அந்த நாட்டில் முதல் காய் அரண்மனைக்குப் போகவில்லை; ராஜாதான் காயைத் தேடிப் போனார். முதலில் அந்த ஏழு வீடுகள், எட்டாவதாக மருதாயி வீடு. அங்கே இலை முன்னால் உட்கார்ந்தவருக்கு அவள் முகத்தைப் பார்க்கக் கூசியது. குனிந்தபடியே பிசைந்துகொண்டிருந்தார்.

மருதாயி இன்னொரு காயை இலையில் வைத்தாள்.

"நிமுந்து சாப்புடுங்க மகாராசா. இது இப்பப் பறிச்சது."