வாழ்த்துக்குப் பின்னால் நின்றது

இதை எங்கேயாவது தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று பாக்கியசீலிக்கு இன்றைக்கும் பயம். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவள். ஒரு வார்த்தை மாறினால் பழி வேறு யார் தலையிலாவது விழுந்துவிடும். அதனால் எத்தனை மணிக்கு எது நடந்ததோ அதே கிரமத்தில்தான் சொல்வாள்.

கோவையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அதன் கம்ப்யூட்டர் அறையைப் பெருக்கித் துடைக்க வந்தவள் அவள். துடைக்கிற சாக்கில் திரையைப் பார்த்துப் பார்த்தே விவரம் பிடித்துக்கொண்டாள். நாற்பத்தாறு வயதில் அந்த அறையிலேயே ஒரு நாற்காலி கிடைத்தது. வெளியே போகும் மெயில்கள் வரிசையில் தேங்குகின்றனவா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தேங்கியது ஐந்நூறைத் தாண்டினால் எண் சிவப்பாக மாறும்.

கற்றுக்கொடுத்தவள் தாஹிரா. வயது இருபத்தெட்டு. பாக்கியசீலி அவளை 'மிஸ்' என்பாள். அவள் இவளை 'அக்கா' என்பாள்.

"குருவும் சிஷ்யையும் வர்றாங்க பாரு. சிஷ்யைக்குத்தான் நரைச்சிருக்கு" என்று கேன்டீனில் கேலி பேசுவார்கள்.

அன்று போகி. தாஹிராவுக்கு லீவு.

ஒன்பது மணிக்கு எண் சிவப்பானது. 'எல்லாவற்றையும் மறுபடி அனுப்பு' என்று ஒரு பட்டன் உண்டு. அழுத்தினாள். எண் சற்று ஆடியது. பிறகு ஏறியது.

பத்து மணிக்கு போன் வந்தது. வால்பாறைக்கு மேலே ஒரு எஸ்டேட் ஆஸ்பத்திரி. டாக்டர் மாதவராஜ் பேசினார்.

"முத்தழகின்னு ஒரு பேஷன்ட்டும்மா. பிரசவம் ஆகி ஆறு நாள், காய்ச்சல் இறங்கவே இல்லை. எந்த மருந்து கேட்கும்னு உங்க லேப் ரிப்போர்ட் வந்தால்தான் தெரியும். அனுப்பிட்டாங்களா?"

பாக்கியசீலி பார்த்தாள். ஒன்பது பத்துக்கு லேப் அனுப்பியிருந்தது. பக்கத்தில், லேப் கையை விட்டுப் போனதற்கான பச்சை டிக்.

"அனுப்பியாச்சுங்க டாக்டர்."

"போகலைன்னா சொல்லிடுங்க. லேப்ல பேசி போன்லயே எழுதிக்கறேன்."

"வந்துருங்க டாக்டர்."

போனை வைத்துவிட்டு மறுபடி அழுத்தினாள். எண் ஆறாயிரத்துக்கு மேல் போயிருந்தது. தாஹிராவைக் கூப்பிடலாமா என்று நினைத்தாள். 'எதுக்கெடுத்தாலும் அந்தப் பொண்ணைக் கூப்பிட்டா நீ எதுக்கு?' என்று மேனேஜர் போன மாதம் கேட்டது காதில் நின்றது. இன்னொரு முறை அழுத்தினாள். பன்னிரண்டு மணிக்கு, வேறு வழியில்லாமல் தாஹிராவுக்குப் போன் செய்தாள்.

ஒரு மணிக்குத் தாஹிரா வந்தாள். பட்டனைத் தொடவில்லை.

"எத்தனை தடவை அமுக்கினீங்க?"

"பதினெட்டு மிஸ்."

"வரிசையில முன்னாடி நிக்கறது யாரு?"

"தெரியாதுங்க."

"வாசிங்க."

பாக்கியசீலி வாசித்தாள். பழைய நோயாளி ஒருவருக்கு ஆஸ்பத்திரியின் பொங்கல் வாழ்த்து. விளம்பரப் பிரிவு அன்று காலை பதினோராயிரம் பேருக்கு அனுப்பியது.

"அவரு பேரைப் பதிவேட்டுல தேடுங்க."

தேடினாள். புற்றுநோய் வார்டு. இறந்து இரண்டு வருடம்.

"அடுத்தது?"

இறந்து பதினோரு மாதம்.

"அடுத்தது?"

தேடினாள். அதுவும் இறந்தவர் பெயர்.

"இவங்க மெயிலைத் திறக்க ஆளில்லை. பெட்டி நிறைஞ்சு கிடக்குது. போனது அப்படியே திரும்பி வந்து ஓரமா நிக்கும். கொஞ்ச நேரம் கழிச்சுத் தானா மறுபடி போய்ப் பார்க்கும். நீங்க அந்தப் பட்டனை அமுக்கினா என்ன ஆகும்?"

"ஓரமா நின்னதெல்லாம் மறுபடி வரிசைக்கு வந்துரும்."

"ம்."

"அப்ப முத்தழகி ரிப்போர்ட்டு..."

"அதோட பின்னாடிதான் நிக்குது."

தாஹிரா வாழ்த்துகளை மொத்தமாக வரிசையிலிருந்து விலக்கி நிறுத்தினாள். எண் மளமளவென்று இறங்கியது. ஒன்று இருபத்தைந்துக்கு ரிப்போர்ட் மலை ஏறிவிட்டது. எண் பச்சையானது. தாஹிராவே எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, ரிசீவரை பாக்கியசீலியிடம் நீட்டினாள்.

"ரிப்போர்ட் வந்துருச்சுங்களா டாக்டர்?"

"வந்துடுச்சும்மா." காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "இதுல போட்டிருக்கற மருந்து எங்க அலமாரியிலேயே இருந்தது. பத்து மணிக்குத் தெரிஞ்சிருந்தா ஒரு வாய்ப்பாவது இருந்திருக்கும். பன்னிரண்டே முக்காலுக்கு முடிஞ்சு போச்சு."

பாக்கியசீலி ரிசீவரைக் கையில் பிடித்தபடியே நின்றாள். தாஹிரா அதை வாங்கி வைத்தாள்.

"பதினெட்டு தடவை அமுக்கினேனே மிஸ். அதனாலதானே?"

"பத்து மணிக்கு அவரு கேட்டப்ப எத்தனை மெயில் நின்னுட்டிருந்துச்சு?"

"அஞ்சாயிரம் இருக்கும்."

"அதைச் சொன்னீங்களா?"

"பயந்துட்டேன் மிஸ். வேலை போயிருமோன்னு."

"மலை மேல அந்தம்மா பேரு என்னன்னு அப்ப உங்களுக்குத் தெரியுமில்ல?"

"தெரியுமுங்க."

தாஹிரா திரும்பித் திரைக்கு முன் உட்கார்ந்தாள். வாழ்த்து அனுப்பும் பட்டியலைத் திறந்து, இறந்தவர்களின் முகவரிகளை ஒவ்வொன்றாக அழித்தாள். கடைசியில், முத்தழகியின் ரத்தத்தோடு வந்த படிவத்தைத் தேடி எடுத்தாள். கணவனின் மெயில் முகவரி அதில் இருந்தது. பட்டியலில், முத்தழகி பெயருக்கு நேராக, அதே முகவரி ஏற்கெனவே ஏறியிருந்தது. அதையும் அழிக்கப் போனாள்.

"அதை எதுக்கு மிஸ் எடுக்கறீங்க?"

"அடுத்த வருசமும் பொங்கல் வரும்க்கா."

பாக்கியசீலி உட்கார்ந்துவிட்டாள்.

அவள் இப்போதும் அதே நாற்காலியில்தான் இருக்கிறாள். 'மறுபடி அனுப்பு' பட்டனைத் தன் திரையிலிருந்து எடுத்துவிடச் சொல்லிவிட்டாள். யார் போன் செய்து அனுப்பியாச்சா என்று கேட்டாலும், "எனக்குத் தெரியாதுங்க. வந்ததைத் திறந்து முதல் வரியை வாசிங்க, கேக்கறேன்" என்பாள்.

அவர்கள் வாசிக்கும்வரை ரிசீவரைக் கீழே வைப்பதில்லை.