வீட்டுக்காரரின் தோள்

முன்னொரு காலத்தில் மருதூர்ச் சீமையை விசயகேசரி என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் ஒரு சட்டம் போடுவான். மத்தியானச் சாப்பாடு செரிக்கவில்லை என்றால் அதை ரத்து செய்துவிடுவான். அவன் சிரித்தால் சபையே சிரிக்கும். எதற்குச் சிரித்தோம் என்று பிறகுதான் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள்.

அந்தச் சபையில் மகுடபூபதி என்றொரு பிரபு. கோட்டைக்கு வெளியே ஒரு தெரு முழுக்க அவருடைய வீடுகள், எல்லாம் வாடகைக்கு. குடிவருகிறவர்களுக்குத் தன் வாயாலேயே விதி சொல்வார். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. விளக்கு வைத்த பிறகு அம்மி அரைக்கக் கூடாது. உறவுக்காரர் வந்து தங்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, வீட்டுக்குள் சாவு விழக் கூடாது. உயிர் இழுத்துக்கொண்டிருந்தால் ஊர்க்கோடியில் இருக்கும் இடிந்த மண்டபத்துக்குத் தூக்கிப் போய்விட வேண்டும். சாவு விழுந்த வீட்டுக்கு அடுத்த குடி வராதாம்.

அந்தத் தெருவில்தான் செங்கமலம் இருந்தாள். அரண்மனைக்கு நெல் குத்துகிறவள். அவள் புருஷன் பொன்னப்பன் ராஜாவின் கோட்டைச் சுவருக்குக் கல் சுமந்தவன். இப்போது அவன் நெஞ்சு முழுக்கக் கல்தூசி. வைத்தியர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு மருந்து கொடுக்காமலே போய்விட்டார்.

அன்று மாலையே மகுடபூபதி வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"இன்னும் எத்தனை நாள் தாங்குவான்?"

"அது எனக்கு எப்படிங்க தெரியும்?"

"தெரியாதென்றால் என் வீட்டில் வைத்திருக்காதே. நாளை மறுநாள் பொழுது சாய்வதற்குள் மண்டபத்துக்குக் கொண்டுபோ. இல்லையென்றால் என் ஆட்கள் பாயோடு தூக்குவார்கள்."

உள்ளே பொன்னப்பன் கண்ணை மூடிக்கொண்டான். காதை மூடிக்கொள்ள அவன் கையில் பலமில்லை.

செங்கமலத்துக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. மறுநாள் காலை, தவிடு ஒட்டிய சேலையோடு நேரே சபைக்குப் போய் நடந்ததைச் சொன்னாள்.

"என்ன மகுடபூபதி?" என்றான் ராஜா.

"மன்னா, எனக்கு மட்டும் இரக்கமில்லையா? பிணம் கிடந்த வீட்டில் எவன் குடிவருவான்? வீடு பாழாகிவிடாதா?"

மந்திரி திருமேனியார் தாடியைத் தடவினார். "மகுடபூபதியின் வீடுகளுக்குள் மழை வரும், பாம்பு வரும், பக்கத்து வீட்டுச் சாக்கடையும் வரும். எமனுக்கு மட்டும்தான் அனுமதியில்லை."

சபை சிரித்தது. மந்திரியின் ஆசனத்தின்மேல் நெடுநாளாகவே கண் வைத்திருந்த மகுடபூபதிக்கு முகம் கறுத்தது. "அடுத்தவன் சொத்தில் தர்மம் செய்வது மந்திரியாருக்குச் சுலபம்" என்றார்.

ராஜாவுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "விளையாட்டாகப் பார்த்துவிடுவோம். பெண்ணே, சாவு விழுந்த வீடு என்று தெரிந்தும் மனமுவந்து குடிபோகிறேன் என்று சொல்லும் ஒருவரை நாளைக்கு இந்தச் சபையில் காட்டு. காட்டினால் உன் புருஷன் வீட்டிலேயே இருக்கலாம். இல்லையென்றால் மண்டபம்தான்."

செங்கமலம் வெளியே வந்தாள். பின்னாலேயே மந்திரியும் வந்தார்.

எதிரே ஏரிக்கரையில் பெரிய மாளிகை ஒன்று பூட்டிக் கிடந்தது. "அங்கே யாருங்க இருக்காங்க?" என்று கேட்டாள்.

"யாருமில்லை அம்மா. ராஜாவின் தாயார் அங்கேதான் காலமானார். அன்று பூட்டியது."

செங்கமலம் அந்தப் பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மந்திரியிடம் மெதுவாக ஏதோ சொன்னாள். கேட்ட திருமேனியார் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

மறுநாள் சபை கூடியதும் மந்திரி எழுந்தார். "மன்னா, ஏரிக்கரை மாளிகையைக் கரையான் தின்கிறது. சபையோரில் யாருக்காவது கொடுத்தால் விளக்காவது எரியும்."

"யாருக்கு வேண்டும்?" என்றான் ராஜா.

அவன் வாய் மூடுவதற்குள் மகுடபூபதி எழுந்துவிட்டார். "அடியேன் இருக்கிறேன் மன்னா."

"அவசரம் வேண்டாம்" என்றார் மந்திரி. "ராஜமாதா உயிர் விட்ட வீடு அது. யோசித்துச் சொல்லும்."

தன்னை மிரட்டிவிட்டு மந்திரியே அதைச் சுருட்டப் பார்க்கிறார் என்று நினைத்தார் மகுடபூபதி. "இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பிறந்தவர்கள் இறப்பார்கள். அதற்குச் சுவர் என்ன செய்யும்? கழுவி விளக்கேற்றினால் வீடு வீடுதான். இன்றைக்கே மனமுவந்து குடிபோகிறேன்."

தூணுக்குப் பின்னாலிருந்து செங்கமலம் முன்னே வந்தாள்.

"மகாராசா, நீங்க கேட்ட ஆளைக் காட்டிட்டேன்."

ராஜா தொடையில் தட்டிச் சிரித்தான், சபையும் சிரித்தது. மகுடபூபதி உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் அங்கவஸ்திரத்தைத் திருகினார்.

"ஜெயித்துவிட்டாய் பெண்ணே" என்றான் ராஜா. "அந்த மாளிகையே உனக்குத்தான்."

அவள் சிரிக்கவில்லை.

"மாளிகை வேணாம் மகாராசா. உங்க கோட்டைக்குக் கல் சுமந்தவன் கூரைக்குக் கீழே படுத்துச் சாகணும்னா, அதுக்கு நான் விளையாடி ஜெயிக்க வேண்டியிருக்கு. நீங்களும் சிரிக்கிறீங்க."

ராஜாவின் சிரிப்பு பாதியில் நின்றது. மற்றவர்கள் எப்போது நிறுத்துவது என்று தெரியாமல் விழித்தார்கள்.

"மந்திரி, எழுதிக்கொள்ளும்" என்றான் ராஜா. "இந்தச் சீமையில் சாகக் கிடப்பவரை எந்த வீட்டுக்காரனும் வெளியே அனுப்பக் கூடாது. வாடகை வீட்டில் சாவு விழுந்தால், பாடைக்கு முதல் தோள் வீட்டுக்காரனுடையது."

மத்தியானத்துக்குப் பிறகும் அவன் ரத்து செய்யாத சட்டம் அது ஒன்றுதான்.

சில நாள் கழித்து, விடிகிற வேளையில், தன் பாயிலேயே பொன்னப்பன் கண்ணை மூடினான். தலை செங்கமலத்தின் மடியில் இருந்தது. மகுடபூபதி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தார். பாடைக்குத் தோள் கொடுத்தார். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது.

சுடுகாட்டிலிருந்து திரும்பி அவர் வாசலில் நின்றபோது உள்ளே சுத்தியல் சத்தம் கேட்டது. மாட்ட ஓர் ஆணி இல்லாமல் இத்தனை வருஷமாக உலக்கைமேல் மடித்துப் போட்டிருந்த பொன்னப்பனின் மேல்துண்டை மாட்ட, செங்கமலம் சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தாள்.

அவர் வாயைத் திறந்தார். அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

அவள் இன்னும் ஓங்கி அடித்தாள்.